பாய்லர் அண்ணனின் சுண்டு விரல்

“அந்தக் கம்பியைத் துடைச்சு உறையில போட்டுக்கோங்க சார். இந்தச் சுண்டு விரல் என் கையில ஒட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும், சூடா இருக்கா ஆறிடுச்சான்னு நான் ஒரு மனுசன்கிட்ட வாயைத் திறந்து கேக்கப்போறதில்ல.”

கடையைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரி, பால் பாத்திரத்துக்குள் விடுவதற்காக வெப்பமானியை வெளியே எடுத்தபோது பாய்லர் அண்ணன் உதிர்த்த வாக்கு இது. சொன்ன கையோடு, பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சுண்டு விரலின் முதுகை ஒரு கணம் வைத்தார். கண்ணைப் பாதி மூடினார். ஓர் எண்ணைச் சொன்னார். அதிகாரி கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பியும் அதையே சொன்னது. கம்பி தம்மைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டது என்பது அண்ணனின் கட்சி. அதிகாரி ஒரு டீ குடித்துவிட்டு, எதற்காக வந்தோம் என்பதையே மறந்து போய்விட்டார்.

துறைமுகத்தின் பின்வாசலுக்கு எதிரே, கப்பல் கயிறு விற்கும் கடைக்கும் பஞ்சர் ஒட்டும் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கிறது அவருடைய டீக்கடை. பெயர்ப்பலகை உண்டு, உப்புக்காற்று அதிலிருந்த பெயரை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. உள்ளே தகரம் அடித்த மேசை, இரண்டு பெஞ்சுகள், நடுநாயகமாக ஒரு பித்தளை பாய்லர். அண்ணன் தமது முகத்தைத் துடைப்பதைவிட அதன் வயிற்றைத் துடைப்பதுதான் அதிகம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவர் மனைவிக்கேகூட அதை நினைவுபடுத்திக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும்.

டீ ஆற்றுவதில் அவர் பெரிய வித்தைக்காரர் இல்லை. சர்க்கரையைக் கணக்கில்லாமல் போடுவார், பாலில் கஞ்சத்தனம் காட்டுவார். ஆனால் சூடு! அங்கேதான் மனிதர் நிற்கிறார். டம்ளரின் இடுப்பில் சுண்டு விரலை வைத்தாரென்றால், அந்த டீ யாருடைய வாய்க்கு, எந்த நேரத்தில், எத்தனை மடக்கில் போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கிரேன் ஓட்டுபவருக்கு உதடு பொத்துப்போகும் சூட்டில் வேண்டும். ஏணியில் ஏறி உச்சியிலிருக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்த பிறகுதான் அவர் பிளாஸ்கைத் திறப்பார். பின்வாசல் காவலாளிக்குக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை, அவருக்கு இளஞ்சூடு. “உனக்கு இது பத்தாது”, “உனக்கு இது ஜாஸ்தி” என்று டம்ளர்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமை அண்ணனுக்கு உண்டு. குடிப்பவரின் அபிப்பிராயத்தை அவர் கேட்பதில்லை. நோயாளியிடம் கேட்டா மருந்து கொடுக்கிறார்கள்?

அவருக்கு ஒரு தத்துவமும் உண்டு. “கொதிக்க வச்சா அடங்காதது உலகத்துல எதுவும் கிடையாது.” குடிக்கிற தண்ணீர், கைத்துண்டு, சீப்பு, செருப்பு என அவர் வீட்டில் ஒரு முறையாவது கொதிக்காத பொருள் அபூர்வம். வீட்டோடு வந்து தங்கிய மாமனாரின் பல்செட்டை ஒரு நாள் நல்லெண்ணத்தோடு கொதிக்க வைத்தார். அது சுருங்கி, ஒரு பொம்மைக்குப் பொருந்தும் அளவுக்கு ஆகிவிட்டது. மாமனார் அன்றே தமது மூத்த மகள் வீட்டுக்குப் போனார். “கிருமி செத்துச்சா இல்லையா?” என்று அண்ணன் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

குடியிருப்பு கடைக்கு மேலேயே. செங்குத்தான படி, இரண்டு அறைகள், பின்புறம் சிமெண்டுத் தொட்டி வைத்த குளியலறை. மனைவி, மகள், மகளுக்குப் பிறந்த பெண் குழந்தை. மருமகன் ஏதோ ஒரு கப்பலின் இயந்திர அறையில், ஏதோ ஒரு கடலில் இருக்கிறார். குழந்தையைக் குளிப்பாட்டுவது இந்த வீட்டில் தினசரி நடக்கும் அரசாங்கக் காரியம். மனைவி வெந்நீரும் தண்ணீரும் கலப்பாள். மகள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வருவாள். கடையிலிருந்து அண்ணன் படியேறி வந்து நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் சுண்டு விரலை முக்கி, “ஆச்சு” என்பார். அந்தச் சொல் வராமல் குழந்தையின் குதிகால்கூட நீரில் படக்கூடாது. தன் கையை விட்டுப் பார்க்கப் போன மனைவியை ஒரு முறை அவர் முறைத்த முறைப்பில், அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவதில்லை. “உங்க அப்பா விரலைத் தங்கத்துல வார்த்து வைக்கணும்டி,” என்று மகளிடம் சொல்வாள். அண்ணன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இப்படிச் சூடும் சுகமுமாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் கடல் மூக்கை நுழைத்தது.

முதலில் துறைமுகத்துக்கு அப்பால் நீர் துருப்பிடித்தாற்போலச் சிவந்தது. மீன் சந்தையின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: பாசி பெருகியிருக்கிறது, சிப்பி, மட்டி எதையும் சாப்பிட வேண்டாம், மீன் சாப்பிடலாம். மக்கள் புரிந்துகொண்டார்கள். பிறகு நீர் தெளிந்து பழையபடி நீலமாயிற்று. அந்த நேரம் பார்த்து இன்னோர் அறிவிப்பு வந்தது: பாறைப் பகுதியில் பிடித்த பெரிய மீன்களை மறு அறிவிப்பு வரும்வரை சாப்பிட வேண்டாம். இதோடு மக்கள் புரிந்துகொள்வதை நிறுத்திக்கொண்டார்கள். “தண்ணி கலங்கலா இருந்தப்ப மீனைத் தின்னுன்னாங்க. தெளிஞ்சதும் தின்னாதேங்குறாங்க. முதல்ல அவங்க தெளியட்டும்,” என்றார் கிரேன்காரர். அறிவிப்பு ஒட்டியிருந்த அதே ஆணியில் ஒரு வியாபாரி தமது தராசைத் தொங்கவிட்டுக்கொண்டார். அதில் பாறை மீனைத்தான் நிறுத்தார்.

அண்ணனின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, படகு இயந்திரம் பழுது பார்ப்பவர். விடுமுறை நாளில் தூண்டிலோடு பாறைப் பக்கம் போவது அவர் பழக்கம். அந்த வாரம் ஒரு கலவா மீனோடு படியேறி வந்தார். மீனா அது! தலை மட்டும் ஒரு தவலை அளவுக்கு இருந்தது.

“நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கடா,” என்றாள் அக்கா.

“நான் டெஸ்ட் பண்ணாம கொண்டு வருவேனாக்கா? வெள்ளிக் காசை உள்ள சொருகிப் பார்த்துட்டேன், கறுக்கல. வெயில்ல வச்சுப் பார்த்துட்டேன், ஈ ஜம்முனு வந்து உக்காந்துச்சு. ஈக்குத் தெரியாத விஷமா?”

ஆராய்ச்சி இந்த அளவுக்கு முழுமையாக நடந்திருந்தும் அண்ணன் திருப்தி அடையவில்லை. “காசு, ஈ எல்லாம் சின்னப் பசங்க வேலை மச்சான். நான் பார்த்துக்குறேன்,” என்று தலையைப் பெரிய பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினார். கொதிக்கவிட்டார். இறக்கி ஆறவிட்டு மறுபடியும் கொதிக்கவிட்டார். மீனின் கண்கள் இரண்டும் கோலிக்குண்டுபோல வெளியே வந்து, போதும் போதும் என்று கெஞ்சுவதுபோல அவரைப் பார்த்தன.

தலை வீட்டுத் தலைவருக்கு. அதில் பங்கு கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மச்சான் வால் பக்கத்துத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். மனைவி பேருக்கு ஒரு விள்ளல். மகள் மட்டும் ஆசையாகப் பார்த்து, “அப்பா, அந்தக் கன்னத்துச் சதை கொஞ்சம்,” என்றாள். அண்ணன் தட்டை இடக்கையால் மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, “பால் குடுக்குறவ. உனக்கு ஒத்துக்காது,” என்றார். மகள் மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. எலும்புகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி, சாற்றையும் பாத்திரத்தோடு தூக்கிக் குடித்தார்.

சற்று நேரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. மிளகு என்று நினைத்தார். பிறகு நடந்தவற்றை எழுதுவது பத்திரிகையின் மரியாதைக்கு ஏற்றதல்ல. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் தேய்ந்துபோயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மச்சானுக்கும் வயிறு கலங்கி மறுநாளே சரியாகிவிட்டது. மனைவிக்கு ஒன்றுமில்லை.

வயிறு அடங்கிக் கடை திறந்த அன்றுதான் உண்மையான குழப்பம் தொடங்கியது. குழாயைத் திறந்து முகத்தில் நீரை அடித்துக்கொண்டவர், “அம்மா!” என்று அலறினார்.

“யாருடி டேங்குல வெந்நீர் ஊத்துனது?”

மனைவி வந்து குழாயில் கையை வைத்துப் பார்த்தாள். “பச்சைத் தண்ணிதானே வருது. காய்ச்சல் இன்னும் விடலையா உங்களுக்கு?”

கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளினார், பிடி சுட்டது. இரவெல்லாம் யாரோ அதன்கீழ் நெருப்பு மூட்டியிருப்பதாகக் காவலாளியைச் சந்தேகித்தார். அப்போது ஐஸ்காரர் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வாங்கினார், வாங்கிய வேகத்தில் கீழே போட்டார். பாளம் மூன்றாக உடைந்து தெருவில் ஓடியது.

“என்னய்யா ஐஸ் இது, இந்தச் சுடு சுடுது!”

“என்னண்ணே சொல்றீங்க?”

“கையே வெந்துபோச்சுய்யா!”

ஐஸ்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “அண்ணே, உடைச்சதுகூடப் பரவால்ல. எங்க ஐஸைப் பத்தி மட்டும் அப்படிச் சொல்லாதீங்க. ஊருக்கே நாங்கதான் போடுறோம். இதுவரைக்கும் ஒருத்தன் சுடுதுன்னு சொன்னதில்ல.”

பல்லெல்லாம் ஆடுவதுபோல வேறு இருந்தது. பேசும்போது ஒன்று விழுந்து டீயில் கலந்துவிடுமோ என்று நாக்கை வேலிபோல வைத்துக்கொண்டு பேசினார். தொட்டுப் பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் கல்லாக நின்றன. எதை நம்புவது, பல்லையா விரலையா என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

டம்ளரில் டீயை ஊற்றிச் சுண்டு விரலை வைத்தார். விரல் ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ முணுமுணுத்தது; ஊசி குத்தியது; பிறகு வாயை மூடிக்கொண்டது. ஆறிவிட்டது போலிருக்கிறது என்று மறுபடியும் கொதிக்கவைத்து, காவலாளியிடம் கொடுத்தார். ஓட்டைப் பல் உள்ள அந்த மனிதர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, கண்ணில் நீரோடு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அண்ணே, உங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?” கிரேன்காரர் பிளாஸ்கோடு கூண்டுக்கு ஏறிப்போனார், அதைத் திறந்து ஒரு மடக்குக் குடித்ததும் ஏணி இறங்கித் திரும்பி வந்தார்.

“அண்ணே, இதுல மீனே வளர்க்கலாம். அவ்வளவு ஜில்லுன்னு இருக்கு.”

“வெயில் ஏறலல்ல, அதான்,” என்றார் அண்ணன்.

“டீக்கும் வெயிலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டு, கிரேன்காரர் அவருடைய கையைப் பார்த்தார். ஐஸ் பாளத்தின் ஒரு துண்டை இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது அந்தக் கை. அடுப்பிலிருந்து தணல் எடுப்பவன் பிடிக்கிற மாதிரி, உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்திருந்தார்.

“கிளம்புங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

துறைமுகத் தொழிலாளர்களின் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அண்ணன் தம்முடைய வியாதியை விவரித்தார்: ஐஸ் சுடுகிறது, டீ ஊமையாகிவிட்டது, பல் ஆடுகிறது, ஆனால் ஆடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர் மனநலப் பிரிவுக்கான வழியைக் காட்டக் கையைத் தூக்கினார். டாக்டர் அவரை நிறுத்தினார்.

“சமீபத்துல மீன் சாப்பிட்டீங்களா?”

“மீன் எப்பவும் சாப்பிடுறதுதான்.”

“பெரிய மீனா? பாறைப் பக்கம் பிடிச்சதா?”

அண்ணன் கிரேன்காரரைப் பார்த்தார். கிரேன்காரர் சுவரைப் பார்த்தார்.

“தலையை மட்டும்தான் டாக்டர்.”

“தலையையா!” டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

“நல்லாக் கொதிக்க வச்சேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை.”

“எத்தனை தடவை கொதிக்க வச்சாலும் இந்த விஷம் போகாது.”

“கொதிக்க வச்சா போகாதா?”

“போகாது.”

“கொதியே பத்தலையோ என்னவோ...”

“அய்யா, நாளெல்லாம் கொதிச்சாலும் போகாது. வறுத்தாலும் போகாது, ஐஸ்ல வச்சாலும் போகாது, உப்புக் கண்டம் போட்டாலும் போகாது.”

ஆயுள் முழுக்க உழைத்த கட்சி கலைக்கப்பட்டதாக வானொலியில் கேட்ட தொண்டனைப்போல அண்ணன் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கடலுக்கு அடியில் செத்த பவளப்பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி வளர்கிறது. சின்ன மீன் அதை மேய்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. விஷம் ஏறிக்கொண்டே போகிறது. தலையிலும் குடலிலும் முட்டையிலும்தான் அதிகம். ருசி மாறாது, வாசனை வராது, நீர் சிவக்க வேண்டிய அவசியமும் இல்லை.

“காசு கறுக்காதா?”

“கறுக்காது.”

“ஈ?”

“உக்காரும்.”

“மீனுக்காவது ஏதாவது ஆகுமா?”

“அது பாட்டுக்கு நீந்திக்கிட்டு இருக்கும்.”

“அப்ப எனக்கு மட்டும்தானா?” என்றார் அண்ணன். அந்தக் குரலில் இருந்த மனத்தாங்கல் மீனை நோக்கியதா, டாக்டரை நோக்கியதா என்று தெரியவில்லை.

“வீட்ல வேற யார் சாப்பிட்டாங்க? குழந்தைக்குப் பால் குடுக்குறவங்க யாராவது?”

“பொண்ணு இருக்கா. அவ சாப்பிடல.”

“நல்லவேளை. பால் வழியாக் குழந்தைக்கும் போகலாம்.”

கன்னத்துச் சதை, இடக்கை, தட்டு, எல்லாம் அண்ணனின் கண்முன் வந்து போயின. தமது பேராசை ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைத்துப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று விளங்காமல் அசடு வழிந்தார்.

மாற்று மருந்து கிடையாது என்றார் டாக்டர். ஊசிக் குத்தலுக்கும் இனி வரக்கூடிய அரிப்புக்கும் மாத்திரை எழுதினார். எப்போது சரியாகும் என்றதற்குச் சிலருக்கு வாரத்தில், சிலருக்கு மாதக் கணக்கில் என்றார். சரியானதுபோல இருந்துவிட்டுத் திரும்பவும் வரலாம் என்றார். மீனைக் கொஞ்ச காலம் கண்ணாலும் பார்க்க வேண்டாம் என்றார். கடைசியாக, எழுந்துகொண்டவரை நிறுத்திச் சொன்னார்: “ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. இந்த விஷம் நரம்பைக் குழப்பி விட்டுடும். சூடு, குளிரு விஷயத்துல உங்க கை சொல்றதை நம்பாதீங்க. கைக்குழந்தை இருக்குற வீடு. அது குளிக்கிற தண்ணியை வேற யாராவது பாக்கட்டும்.”

திரும்பும் வழியில் கிரேன்காரர், “அண்ணிகிட்ட மொதல்ல இதைச் சொல்லிடுங்க அண்ணே,” என்றார்.

“சொல்லாம? சொல்லத்தானே போறேன்.”

படியேறும்போது சொல்லத்தான் நினைத்தார். முதல் படியில் நினைத்தது கடைசிப் படியில் இல்லை. “டாக்டர் என்ன சொன்னாங்க?” என்று மனைவி கேட்டதும், “வாயுவாம்,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கடையை ஓட்ட அவருக்கு ஒரு வழி கிடைத்தது. டம்ளரை நீட்டிவிட்டு, சுண்டு விரலைச் சம்பிரதாயத்துக்கு ஒரு முறை வைத்து எடுத்துவிட்டு, குடிப்பவரின் முகத்தையே உற்றுப் பார்ப்பார். புருவம் ஏறினால் சூடு அதிகம். உதடு சப்பென்று இறங்கினால் ஆறிவிட்டது. வாயைத் திறந்து கேட்டால்தானே குற்றம்? முகத்தைப் பார்க்க யாருடைய அனுமதி வேண்டும்? ஆனால் அவர் பார்த்த பார்வையில் காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “டீல ஏதாவது கலந்துட்டு, ஆளு எப்ப விழுவான்னு பாக்குறாரோ?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அதற்குப் பிறகு டீ கொடுத்தால் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார்கள்.

குழந்தைக்கோ முகத்தைத் தவிர வேறு மொழியே தெரியாது. அதைத் தண்ணீரில் விட்ட பிறகுதான் அதன் முகத்தைப் படிக்க முடியும்.

அவர் படுத்திருந்த நாட்களில் குழந்தையைத் துணியால் துடைத்தே ஒப்பேற்றினார்கள். “அப்பா எந்திரிச்சாச்சு, இனிமே குளிப்பாட்டலாம்,” என்று மகள் சந்தோஷமாகக் கூப்பிட்டாள். அண்ணன் போனார். தொட்டியில் விரலை முக்கினார். சுள்ளென்றது. யோசிக்காமல் பச்சைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினார். விரல் இன்னும் சுட்டது. ஏதோ ஒரு கட்டத்தில் கை மரத்துப்போய், “ஆச்சு” என்றார். குழந்தை நீரில் பட்டதும் மூச்சை இழுத்துக்கொண்டு, அழக்கூட மறந்து, கையையும் காலையும் விறைத்தது.

“அப்பா! ஐஸ் மாதிரி இருக்கு!”

“ஜன்னல் காத்து,” என்றார் அண்ணன்.

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது. குழந்தையைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

அன்று பகல் முழுக்க அண்ணன் கடையின் மூலையில் இரண்டு டம்ளர்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர். மாற்றி மாற்றி விரலை விட்டார். வாடிக்கையாளர்கள் டீ கேட்டுக் கேட்டு அலுத்துப் பக்கத்துக் கயிற்றுக் கடையில் போய் உட்கார்ந்தார்கள். மாலைக்குள் ஒரு புதிய விதி பிறந்துவிட்டது: சுட்டால் குளிர், குளிர்ந்தால் சூடு. விரல் பொய் சொல்கிறது, சரி. ஒழுங்காகப் பொய் சொல்கிறவனை ஒழுங்காக நம்பலாம் அல்லவா? எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்தால் முடிந்தது விவகாரம். டாக்டருக்கு இது தோன்றவில்லையே என்று அவருக்கு ஆச்சரியம். கிரேன்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

“அண்ணே,” என்றார் கிரேன்காரர், “நான் பிரேக்குன்னு நெனச்சு மிதிக்கிறது ஆக்சிலேட்டரா இருந்தா, அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுவேன்னு சொல்றீங்க. கீழ நிக்கிறவனைப் பத்தி யோசிச்சீங்களா?”

“உனக்கு விஞ்ஞானம் புரியாது.”

மறுநாள் காலை. மனைவி அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கிக் குளியலறையில் வைத்தாள். தொட்டியில் கொஞ்சம் கலந்துவிட்டு, ஓரமாகச் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்பை உறையிலிருந்து எடுத்தாள். மகள் குழந்தையோடு வாசலில் நின்றாள். குழந்தை உற்சாகத்தில் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் விரலை முக்கினார். சுட்டது. விதிப்படி, குளிர். வெந்நீரை ஊற்றினார். மறுபடி முக்கினார். ஊசி குத்தல். விதியில் ஊசிக்கு இடம் ஒதுக்கவில்லை. இன்னும் ஊற்றினார். முக்கினார்.

இப்போது சுகமாக இருந்தது. இதமான, மெத்தென்ற, கொஞ்சம் குளுகுளுவென்ற சுகம். நெடுநாள் கழித்து விரல் அவரிடம் அன்பாகப் பேசியது. பழைய விதிப்படி இது சரியான பதம். புதிய விதிப்படி, குளுகுளுவென்றால் சூடு. எவ்வளவு குளுகுளுப்புக்கு எவ்வளவு சூடு? அதை நேற்று பார்க்காமல் விட்டுவிட்டாரே! அல்லது விரல் குணமாகிவிட்டதா? குணமாகியிருந்தால் பழைய விதி. ஆகவில்லையென்றால் புதிய விதி. ஆகியும் ஆகாமலும் இருந்தால்?

“அப்பா, ஆச்சா? இவ நழுவுறா.”

“ஆ...” என்று தொடங்கினார். பழக்கத்தில் மீதிச் சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மகள் ஓரடி முன்னே வைத்துவிட்டாள். குழந்தையின் பாதம் தொட்டிக்கு நேர் மேலே, ரோஜா நிறத்தில், விரல்களை விரித்து ஆடியது.

அண்ணன் இடக்கையை நீட்டி மகளை வழிமறித்தார். குனிந்து, முக்காலியில் இருந்த மனைவியின் கையைப் பிடித்தார். சோப்பு நழுவி விழுந்தது.

“என்னங்க, என்ன பண்றீங்க?”

அவளுடைய கையை மடக்கி, வளையலை மேலே தள்ளி, முழங்கையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்தார்.

“அய்யோ!” அவள் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். முழங்கை சிவந்திருந்தது. “பிள்ளையக் குளிப்பாட்டப் போறீங்களா, வேகவைக்கப் போறீங்களா?”

மகள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்வாங்கினாள். அண்ணன் சொம்பை எடுத்தார். பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கையாலேயே கலக்கினார். கை எரிந்திருக்க வேண்டும், முகம் கோணிக்கொண்டது. நிறுத்தாமல் கலக்கினார்.

பிறகு மனைவி முன் மறுபடியும் கையை நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிவந்த முழங்கையை விட்டுவிட்டு, மற்ற முழங்கையைத் தானாகவே தண்ணீரில் வைத்தாள்.

“இப்போ?” என்று கேட்டார் பாய்லர் அண்ணன்.